அரபு நாடுகளில் உறுப்புத் தானம்: பெற்றுக்கொள்ளலாம், கொடுக்கக் கூடாதா?

ஜனவரி 8, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

முஸ்லிம் நாடுகளில் மார்க்கத் தடை இருப்பதால் இறந்தவர் உடலிலிருந்து உறுப்பு எடுக்க விடமாட்டார்கள் என்று ஒரு மருத்துவர் மேடையில் பேசக் கேட்டேன். அதே நாடுகளிலிருந்து சிறுநீரகம் தேடி ஊர் ஊராக அலைகிறவர்களையும் பார்க்கிறோம். பெற்றுக்கொள்ளத் தடை இல்லை, கொடுக்க மட்டும் தடை என்றால் அது என்ன நியாயம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு 11.20

அந்த மருத்துவர் சொன்னது தவறு. நான் ரியாத்தில் 11 ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவன். சொந்த ஊர் காயல்பட்டினம்.

சவூதியின் மூத்த உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சபை 1982இலேயே 99ஆம் எண் தீர்மானத்தின் மூலம் இரண்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டது: உயிரோடு இருப்பவர் கொடுக்கலாம், இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம். 1986 அக்டோபரில் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி மூளைச்சாவையும் மரணமாக ஏற்றது. அதே அகாடமி 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடி உறுப்பு மாற்றத்துக்கு விரிவான விதிகளை வகுத்தது. உறுப்பை விற்பதை அங்கே தெளிவாகத் தடுத்தார்கள். துருக்கியில் 1979இலேயே சட்டம் உண்டு. குவைத்தில் முதல் சிறுநீரக மாற்று நடந்ததும் அதே ஆண்டில்தான். இந்தியாவில் நமக்குச் சட்டம் வந்தது 1994இல்.

எல்லா ஆலிம்களும் ஒத்துக்கொண்டு 40 ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் தடை தடை என்று பேசுவது அநியாயம்.

ஜனவரி 9, காலை 7.05

நேற்றிரவு எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "எல்லா ஆலிம்களும்" என்று எழுதியிருக்கக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்த் மதரஸாவில் ஓதிய வாசகர் ஒருவர் கீழே சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. கராச்சியில் வாழ்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ இதைக் கூடாது என்றே தீர்ப்பளித்தார். தேவ்பந்த் வழி வந்த பலர் இன்றும் அதே கருத்தில் இருக்கிறார்கள். மூளைச்சாவிலும் ஒருமித்த கருத்து கிடையாது. மக்காவில் உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹ் சபை 1987இல் அம்மான் தீர்மானத்துக்கு வேறான முடிவை எடுத்தது. மூன்று வல்லுநர்கள் மூளை முற்றாக நின்றுவிட்டது என்று சொன்னால் கருவியை அகற்றலாம். ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகுதான் அவர் மார்க்கப்படி இறந்தவர் என்றது அந்தச் சபை.

ஏதோ ஏட்டுக் கருத்து வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதயம் நின்ற பின்தான் மரணம் என்றால், துடிக்கும் இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு எப்படி வைப்பது? அம்மானின் பேச்சைக் கேட்டால் அது தானம். மக்காவின் பேச்சைக் கேட்டால் உயிரோடு இருப்பவரின் நெஞ்சைத் திறப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கிறது.

ஜனவரி 9, இரவு 10.15

எகிப்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. என்னோடு வேலை பார்த்த செவிலியர்களில் பாதிப்பேர் எகிப்தியர்கள்.

ஷேக் முஹம்மது முதவல்லி ஷஃராவியை அரபு உலகில் தெரியாதவர் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் அவர் குர்ஆன் விளக்கம் சொல்லும்போது தெருவே அடங்கிவிடும் என்பார்கள். உடல் இறைவனுடையது, நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நாம் எப்படித் தானம் செய்வது என்பது 1980களின் இறுதியில் அவர் வைத்த வாதம். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் உடல் ஓர் அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஷேக் முஹம்மது சய்யித் தன்தாவி. முதலில் நாட்டின் முஃப்தியாகவும் பிறகு கெய்ரோவின் அல் அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையத்தின் தலைமை ஷேக்காகவும் இருந்தவர். தானம் ஆகுமானது என்றதோடு, தம் உறுப்புகளையும் கொடுக்கத் தயார் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஷஃராவி 1998இல் காலமானார். எகிப்தில் உறுப்பு மாற்றச் சட்டம் வந்தது 2010இல். அந்த ஆண்டு மார்ச்சில் தன்தாவியும் ரியாத்தில் காலமானார். மதீனாவின் ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில் அடக்கம் செய்தார்கள். மன்சூராவில் டாக்டர் முஹம்மது குனைம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்றைச் செய்தது 1976இல். அதிலிருந்து சட்டம் வர 34 ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்த பிறகும் இறந்தவர் தானம் பல ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஷஃராவி மீது கடும் கோபம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கட்டுண்டு கிடப்பவரின் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த இரத்தக்குழாயில்) ஊசி ஏற்றுகிறவனுக்கு அந்த வாதம் எப்படிக் கேட்கும்?

பிற்பாடு எகிப்தியச் செவிலியர் ஒருவர் ஒன்று சொன்னார். அவருடைய சித்தப்பா கெய்ரோவில் கடனுக்காகச் சிறுநீரகம் விற்கப் போனவர், ஷஃராவியின் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். இது உனக்குச் சொந்தமில்லை, விற்க உனக்கு உரிமையில்லை என்ற சொல் அந்த ஏழையின் விலாவுக்கு வேலி போட்டிருக்கிறது. சட்டமே இல்லாத ஊரில், கொடுப்பவர்கள் எல்லாம் ஏழைகளாக இருக்கும் ஊரில், அந்தப் பேச்சு யார் காதில் எப்படி விழுந்தது என்பதை நான் யோசித்ததே இல்லை. ஷஃராவியின் முடிவோடு இன்றும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரை மடமைக்குத் துணை போனவர் என்று இனி சொல்லமாட்டேன்.

ஜனவரி 10, பிற்பகல் 2.30

"ஹதீஸில் நேரடித் தடை உண்டா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

தடுப்பவர்கள் முதலில் எடுப்பது இதை: இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது. அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. இந்த நபிமொழி எங்கள் ஊரில் கிதாபுக்குள் மட்டும் இருப்பதன்று. வாப்பாவின் மய்யித்தை (உயிரற்ற உடலை) குளிப்பாட்டியபோது நான் கையை மடக்கிய வேகத்தைப் பார்த்து, "மெதுவாக, தம்பி, வலிக்கும்" என்றார் பெரியவர் ஒருவர். வாப்பா இறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. உறுப்பு எடுக்க ஒரு குடும்பம் தயங்குகிறது என்றால் முதலில் இந்தக் கைகளை நினைத்துப் பாருங்கள். படிக்காதவர்கள், விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று சுவரொட்டி மொழியில் அவர்களைப் பேசாதீர்கள்.

இரண்டாவது, நபித்தோழர் துஃபைல் இப்னு அம்ர் அவர்களின் செய்தி. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவரோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து (இடம்பெயர்ந்து) வந்த ஒருவர் நோயின் வேதனை தாங்காமல் தம் விரல் மூட்டுகளை அறுத்துக்கொண்டு இறந்துவிட்டார். துஃபைல் கனவில் அவரை நல்ல நிலையில் கண்டார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டபோது, நீ கெடுத்துக்கொண்டதை நாம் சீராக்கமாட்டோம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் சொன்னார். தடுப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். செய்தி இன்னும் ஒரு வரி போகிறது. துஃபைல் இதைச் சொன்னதும் நபிகளார், யா அல்லாஹ், அவருடைய கைகளையும் மன்னிப்பாயாக என்று துஆச் செய்தார்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுப் பயான் (மார்க்க உரை) செய்பவரை எங்கே கண்டாலும் எழுந்து கேளுங்கள்.

அனுமதிப்பவர்கள் பக்கம் "ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் எல்லோரையும் வாழவைத்தவர் போல" என்ற குர்ஆன் வசனத்தை எல்லோரும் அறிவார்கள். எனக்குப் பிடித்தது நபித்தோழர் அர்ஃபஜா அவர்களின் மூக்கு. குலாப் போரில் மூக்கை இழந்தவர் வெள்ளியில் ஒன்று செய்து வைத்துக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள் என்றார்கள் நபிகளார். ஆணுக்குத் தங்கம் விலக்கப்பட்டது. முகத்தில் மூக்கு இல்லாமல் ஒரு மனிதர் நடமாடுவது அந்த விலக்கைவிடப் பெரிதாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

நம் ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) பழைய நூல்களிலும் வழி இருக்கிறது. பிறர் மாணிக்கத்தை விழுங்கிவிட்டு ஒருவர் இறந்தால் உரியவருக்குத் திருப்பித் தர வயிற்றைக் கீறலாம் என்கிறார்கள். இறந்த கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தை உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் கீறித்தான் ஆக வேண்டும். ஒரு கல்லுக்காகத் திறக்கலாம் என்றால் ஓர் உயிருக்காகத் திறக்கக் கூடாதா என்று பிற்கால முஃப்திகள் கேட்டார்கள். அதற்குச் சரியான மறுப்பை நான் இதுவரை கேட்டதில்லை.

ஜனவரி 10, இரவு

மூளைச்சாவும் கோமாவும் ஒன்றா என்று கேட்டவருக்கு: இல்லை. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்யும்; மீண்டு வரலாம். மூளைச்சாவில் மூளைத்தண்டும் நின்றுவிட்டது. வென்டிலேட்டரை நிறுத்திப் பார்த்து, இரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் ஒரு மூச்சுக்கூட வருவதில்லை என்று உறுதி செய்வார்கள். ஆனால் கருவி ஓடும்வரை உடம்பு சூடாக இருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், சிறுநீர் பிரியும். அருகில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும், அறிவு ஏற்றுக்கொண்ட பிறகும் கை அந்த நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் போகும்.

ஜனவரி 12, அதிகாலை 1.10

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ரியாத்தில் என் ஐந்தாம் ஆண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னை அழைத்தார்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து மூன்றாம் நாள். மூளைச்சாவு உறுதியாகிவிட்டது. ஊரில் மனைவிக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. தானம் கேட்கும் பொறுப்பில் இருந்த ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு அரபியும் ஆங்கிலமும்தான் தெரியும். நீ பேசு, நான் சொல்வதை அப்படியே சொல் என்றார்.

அப்படியே சொல்வது என்றால் எப்படி? "அவர் இறந்துவிட்டார்" என்பதற்கு அரபியில் ஒரு சொல் போதும். தமிழில் அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்வது? "மூளை நின்றுவிட்டது, அம்மா" என்றேன்.

"மூச்சு வருகிறதா?" என்று கேட்டார்.

"கருவி வைத்திருக்கிறார்கள். அதனால் வருகிறது."

"அப்படியானால் உயிர் இருக்கிறதா?"

ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தேன். இல்லை என்று சொல் என்றார். சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்னணியில் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சிறுநீரகம், ஈரல் என்று பேசினோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். உடம்பு முழுதாக வருமா? சம்மதம் சொல்லாவிட்டால் அனுப்பத் தாமதம் செய்வார்களா? மூன்றாவது கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை: "சார், அந்த ஊர்க்காரர்களும் இப்படிக் கொடுப்பார்களா?"

முதல் இரண்டையும் மொழிபெயர்த்தேன். பதில் வாங்கிச் சொன்னேன். உடல் தைத்து முழுதாக வரும். சம்மதத்துக்கும் அனுப்புவதற்கும் தொடர்பே இல்லை. மூன்றாவதை நான் மொழிபெயர்க்கவில்லை. "கொடுப்பார்கள்" என்று நானே சொல்லிவிட்டேன்.

அவர் சம்மதித்தார். அன்றிரவு இரண்டு சிறுநீரகங்களும் ஈரலும் எடுத்தார்கள்.

ஜனவரி 13, காலை

நேற்றைய குறிப்பில் பிழை. பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சம்மதம் சொன்னது அந்தப் பெண் இல்லை. அவர் "எனக்குத் தெரியவில்லை, அண்ணனிடம் கேளுங்கள்" என்று தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். மறுநாள் பேசிய அவருடைய அண்ணன்தான் சரி என்றார், நாலைந்து சொற்களில். எடுத்தது அதற்கு அடுத்த நாள் இரவு. இத்தனை ஆண்டுகளில் என் நினைவு அந்தப் பெண்ணின் வாயிலேயே சம்மதத்தை வைத்துவிட்டிருக்கிறது. அப்படி இருந்தால் எனக்கு ஆறுதல் என்பதால்தான் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியைப் பற்றியும் மனம் மாறிவிட்டது. தொடர்பே இல்லை என்று நாங்கள் சொன்னது உண்மை. ஆனால் ஒரு பெண் அப்படிக் கேட்கிறார் என்றால், கணவரின் உடல் கடவுச்சீட்டு, இகாமா (வசிப்பு அனுமதி), கஃபீலின் (விசா கொடுத்த முதலாளியின்) கையெழுத்து என்று எத்தனை கதவுகளுக்கு அப்பால் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அச்சம் இருக்கும் இடத்தில் வாங்கிய சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லி வாங்கவில்லை என்பது மட்டும் போதுமா?

ஜனவரி 14, இரவு 9.40

"அந்த ஊர்க்காரர்கள் கொடுப்பார்களா" என்பதற்கு இப்போதாவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். நேற்று இங்கே சிலர் அரபிகளைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். அது நியாயமில்லை.

கொடுக்கிறார்கள். பெரும்பாலும் உயிரோடு இருக்கும்போது, சொந்த இரத்தத்துக்கு. மகன் தந்தைக்கு, தங்கை அண்ணனுக்கு. எங்கள் பிரிவில் அபூ பிள்ளைகள் என்று எல்லோரும் அழைத்த ஒரு முதியவர் இருந்தார், ஒன்பது பிள்ளைகள். டயாலிசிஸ் இயந்திரத்தை "என் இரண்டாம் மனைவி" என்பார். "வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் வரச் சொல்கிறாள், முதலாமவள் இத்தனை கண்டிப்பில்லை" என்று சொல்லி ஊசி ஏறும் நேரத்தில் எங்களைச் சிரிக்கவைப்பார். நான்கு மகன்கள் போட்டி போட்டுக்கொண்டு சோதனைக்கு வந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்து நான் எத்தனை நாள் வாழ வேண்டும் என்றார். ஆறு ஆண்டுகள் இயந்திரத்திலேயே இருந்து ஒரு ரமளானில் காலமானார். இன்னொரு வீட்டில் திருமணமாகாத மகள் கொடுத்தாள். தனி அறையில் அவளிடம் சம்மதம் கேட்டார்கள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய அண்ணன்கள் மூவரில் ஒருவரும் சோதனைக்குக்கூட வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

சவூதியில் உறுப்பு கொடுக்கும் குடிமக்களுக்கு மன்னர் அப்துல் அஜீஸ் பெயரிலான மூன்றாம் நிலைப் பதக்கம் தருகிறார்கள். 2021 மே மாதம் மன்னர் சல்மானும் பட்டத்து இளவரசரும் தாங்களே தானப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு ஏராளமானோர் பதிந்ததாக அங்கிருக்கும் நண்பர்கள் சொன்னார்கள். ஆகவே மக்கள் கல்நெஞ்சர்கள் என்பது பொய்.

ஆனால் இதுவும் உண்மை: சவூதி, குவைத், எமிரேட்ஸ் ஆகிய நாடுகளில் மூளைச்சாவுக்குப் பின் கொடுத்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பங்கு மிகப் பெரிது. மருத்துவ இதழ்களில் அந்நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சாரத்திலிருந்து விழுபவர்களும் சாலையில் அடிபடுபவர்களும் இளைஞர்கள், நோயில்லாத உடம்பு. அதே தொழிலாளிக்குச் சிறுநீரகம் கெட்டால்? எங்கள் பிரிவில் நான் பார்த்தவரை சில மாதங்களில் விமான டிக்கெட் வந்துவிடும். கழுத்தில் குழாயோடு ஊருக்குப் போன எத்தனை பேரை நான் வழியனுப்பியிருக்கிறேன். கொடுக்கும் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் பெறும் வரிசையில் கண்ணுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் கேட்டது இதைத்தான். "கொடுப்பார்கள்" என்ற என் பதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய கேள்விக்கு அது பதிலும் இல்லை.

ஜனவரி 15, மாலை

ஏழைகள் சிறுநீரகம் விற்ற சென்னை வில்லிவாக்கத்தின் பேச்சை யாராவது எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், எடுத்துவிட்டார்கள். ஆம், விற்பனைப் பேச்சில் நம் கையும் சுத்தமில்லை.

1984 முதல் 1988 வரை எமிரேட்ஸிலிருந்தும் ஓமனிலிருந்தும் பம்பாய் போய்ச் சிறுநீரகம் வாங்கிவந்த 130 நோயாளிகளைப் பற்றி 1990இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார். சிலர் எச்.ஐ.வி. தொற்றோடு திரும்பினார்கள். விற்றவர்களின் கதையோ இன்னும் மோசம். சென்னையில் விற்ற 305 பேரிடம் 2001இல் விசாரித்தார்கள். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலோருக்கு இன்னும் கடன் இருந்தது.

பாகிஸ்தான் 2007இல் அவசரச் சட்டத்தாலும் 2010இல் முழுச் சட்டத்தாலும் தடுத்தது. கராச்சியில் டாக்டர் அதீப் ரிஸ்வியும் அவரோடு நின்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற சட்டம் அது. எகிப்தில் 2016 டிசம்பரில்கூட மருத்துவர்கள், பேராசிரியர்கள் உள்பட 45 பேரை உறுப்பு வணிகத்துக்காகக் கைது செய்தார்கள்.

ஈரான் தனி வழி. 1988 முதல் அரசு மேற்பார்வையில் பணம் கொடுத்தே சிறுநீரகம் பெறுகிறார்கள். வெளிநாட்டவருக்கு ஈரானியர் விற்க முடியாது. காத்திருப்போர் பட்டியலே 1999இல் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தச் செய்தி முதலில் என்னை மயக்கியது. வரிசை இல்லாத ஊர்! பிறகு யார் விற்கிறார்கள் என்று படித்தேன். அங்கேயும் கடன்காரர்கள்தான்.

எங்கள் நோயாளி ஒருவர் இரண்டு மாதம் காணாமல் போய், வயிற்றில் ஆறாத புண்ணோடு திரும்பி வந்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டோம். சொல்லவில்லை. கொடுத்தவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஜனவரி 16

கண்ணைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பாகிஸ்தானில் பார்வை பெற்ற பல்லாயிரம் பேரின் விழிகள் இலங்கையிலிருந்து போனவை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் அனுப்பியவை, பெரும்பாலும் பௌத்தர்களின் கண்கள். முஸ்லிமல்லாதவரின் உறுப்பு முஸ்லிமுக்கு ஆகுமா என்ற உங்கள் இன்னொரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆகும், அனுமதித்த உலமாக்கள் அதில் வேறுபாடு பார்க்கவில்லை.

பாகிஸ்தானின் சமூக சேவகர் அப்துல் சத்தார் ஈதி 2016 ஜூலை 8 அன்று கராச்சியில் காலமானார். சிறுநீரகம் செயலிழந்து ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் இருந்தவர். எல்லா உறுப்புகளையும் கொடுக்க விரும்பினார், எஞ்சியிருந்தவை கண்கள்தான். அவை இருவருக்குப் போயின. ஊரார் மய்யித்தையெல்லாம் கழுவி அடக்கிய மனிதர் தம் மய்யித்தில் கத்தி படச் சம்மதித்திருக்கிறார். வாப்பாவைக் குளிப்பாட்டிய அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்ல ஆசை. அவரும் இப்போது இல்லை.

ஜனவரி 18, இரவு 11.50

ஜித்தா தீர்மானத்தை மறுபடி படித்தேன். முதல் நாள் அதைப் பெருமையாக எழுதினேன். ஒரு வரியை அப்போது தாண்டிப் போயிருக்கிறேன்.

இறந்தவரிடமிருந்து எடுக்க மூன்று வழிகளில் அனுமதி வரலாம் என்கிறது. அவரே உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அல்லது இறந்தவர் யாரென்று தெரியாவிட்டால், வாரிசு இல்லாவிட்டால், ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் அனுமதிக்கலாம்.

மூன்றாவது வழியைப் பயன்படுத்தி யாரும் எடுத்ததை என் 11 ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. குடும்பத்தைத் தேடிப் பிடித்து, என்னைப் போல ஒருவனை வைத்துப் பேசவைத்துத்தான் எடுத்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த வரி என்னை உறுத்துகிறது. ஒரு மன்னரோ வணிகரோ என்றும் யாரென்று தெரியாதவராக ஆகமாட்டார். கஃபீலை விட்டு ஓடியவன், இகாமா முடிந்தவன், பெயர் மாற்றிய கடவுச்சீட்டில் வந்தவன், இவர்கள்தான் ஆவார்கள். உயிரோடு இருந்தபோது எந்த அனுமதியும் கிடைக்காத ஒருவனுடைய உடம்புக்கு அனுமதி கொடுக்க மட்டும் ஓர் அரசு முன்வருமானால், அந்த வழியை அடைத்துவிட வேண்டும் என்றே நினைக்கிறேன். தீர்மானம் எழுதிய பெரியோர்களின் இல்முக்கு (மார்க்க அறிவுக்கு) முன்னால் நான் ஒன்றுமில்லை. ஆனால் லேபர் கேம்ப்பில் ஒரு கட்டிலில் இரண்டு ஷிஃப்டாகத் தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூடுமா கூடாதா என்பதற்கு மார்க்கம் இரண்டு பக்கமும் எனக்கு நிறையச் சொல்லித்தந்துவிட்டது. யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை ஜும்ஆ மேடையில் பேசி நான் கேட்டதே இல்லை. கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான். பத்து நாள் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஜனவரி 20, காலை 6.30

நீங்கள் பதிந்திருக்கிறீர்களா என்று நேற்று ஒருவர் கேட்டார். ரியாத்திலேயே அட்டை வைத்திருந்தேன். ஆனால் நம் நாட்டில் அட்டை இருந்தாலும் குடும்பம் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். ஆகவே நேற்றிரவு மனைவியை உட்காரவைத்து வஸிய்யத் (உயில்) எழுதினேன். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட பேச்சு.

எடுத்துக்கொள்ளட்டும், சிறுநீரகம், ஈரல், கண் எதுவானாலும் என்றாள். அவ்வளவு எளிதில் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரம்பலூர்ப் பெண்ணின் பேச்சை அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். சிறிது நேரம் கழித்து, மூளைச்சாவை எப்படி உறுதி செய்வார்கள் என்று கேட்டாள். இங்கே நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பார்கள் என்று சொன்னேன். கருவியை நிறுத்தி மூச்சு வருகிறதா என்று பார்ப்பதையும் விளக்கினேன்.

"இரண்டாவது முறை பார்க்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அதையும் எழுதுங்கள்."

எழுதினேன். என் மச்சானும் அடுத்த வீட்டு மாமியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நகல் அவளுடைய அலமாரியில் இருக்கிறது.